வெப் ஃபயர்வால் வாங்கினால் நிம்மதியா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சுமார் 200 கணினிகள். ஃபயர்வால், ஆன்டிவைரஸ் இரண்டும் இருக்கின்றன. வாடிக்கையாளர் போர்ட்டலுக்காக வெப் அப்ளிகேஷன் ஃபயர்வாலும் வாங்கச் சொல்கிறார் விற்பனையாளர். வாங்கிவிட்டால் கவலை விட்டதா?

பதில்: வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் (சுருக்கமாக வெப் ஃபயர்வால்) என்பது இணையதளத்துக்கு வரும் கோரிக்கைகளைச் சோதித்து, ஆபத்தானவற்றைத் தடுக்கும் கருவி. வாங்குங்கள், தப்பில்லை. அதற்குமுன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் போர்ட்டல் சர்வர் தன்னிச்சையாக இணையத்தில் எங்கு வேண்டுமானாலும் போக முடிகிறதா? முடியும் என்றால், முதல் வேலை அங்கேதான். உள்ளே வருபவற்றுக்கு விதிமேல் விதி போடுகிறோம். வெளியே போவதை யாரும் கண்டுகொள்வதில்லை.

2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஜே ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லாக்4ஜே என்பது ஜாவா மென்பொருள்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. லாகின் பக்கத்தில் பயனர் பெயருக்கான கட்டத்தில் தாக்குபவர் ஒரு வரியைத் தட்டுவார். சர்வர் வழக்கம்போல் அதை லாகில், அதாவது நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், எழுதும். லாக்4ஜேயோ அந்த வரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, அதிலிருக்கும் முகவரிக்குப் போய் நிரலை வாங்கிவந்து ஓட்டிவிடும். வெப் ஃபயர்வால்கள் அந்த வரியை மறித்தன. தாக்குபவர்கள் எழுத்துகளைப் பிய்த்து வேறு விதமாக எழுதி அதையும் தாண்டினார்கள். வெளியே போகும் வழி அடைபட்ட சர்வர்களில் நிரலை வாங்கிவரும் அந்தப் படிதான் தடுக்கியது. முழுப் பாதுகாப்பு இல்லைதான்; பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட நேரம் கிடைத்தது.

எனவே சர்வர் எந்தெந்த முகவரிகளுக்குப் போகிறது என்று ஒரு மாதம் பதிவுசெய்து பாருங்கள். தேவையானவற்றை மட்டும் அனுமதித்து, மீதியை அடைத்துவிடுங்கள். ஒரே நாளில் அடைத்தால் நள்ளிரவு பேக்கப்போ, மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ரிப்போர்ட்டோ நின்றுபோய் உங்களுக்குத்தான் போன் வரும்!

அடுத்தது, எந்த மென்பொருள் எங்கே ஓடுகிறது என்ற பட்டியல். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் 2017-ல் தகவல் திருட்டு நடந்ததற்கு, அப்படியொரு பட்டியல் சரியாக இல்லாததும் காரணம். இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளுக்கு மார்ச்சிலேயே பேட்ச் வந்தது. போடச் சொல்லி உள்ளுக்குள் மெயிலும் போனது. ஆனாலும் ஒரு பழைய போர்ட்டல் விடுபட்டது. மே மாதம் தாக்குபவர்கள் அதன் வழியே புகுந்தார்கள். நெட்வொர்க்கில் போய்வரும் தகவல்களைக் கண்காணித்திருக்க வேண்டிய கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் அது பயன்படவில்லை. ஜூலை இறுதியில் புதுப்பித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சுமார் 14.7 கோடி பேரின் தகவல்கள் போயின. உங்கள் பட்டியலில் லைப்ரரிகளும் சான்றிதழ்களின் காலாவதித் தேதிகளும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் இருக்கட்டும்.

போர்ட்டல் சர்வரை அலுவலகக் கணினிகள் இருக்கும் நெட்வொர்க்கிலேயே வைத்திருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். அட்மின் லாகின்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம்.

இவ்வளவும் செய்தபின் வெப் ஃபயர்வால் வந்தால் பிரயோஜனம் உண்டு. முதலில் அதைக் கண்காணிப்பு நிலையில் ஓடவிட்டு, தவறான எச்சரிக்கைகளைக் களையுங்கள். பிறகு தடுப்பு நிலைக்கு மாற்றுங்கள். மாற்றும் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் வெப் ஃபயர்வால்கள் நிறைய உண்டு.