நாலு மீட்டர் எஸ்யூவி வாங்கலாமா? கேள்வி பதில்

சேலம்: மாருதி பிரெஸ்ஸாவும் ஹூண்டாய் வென்யூவும் ஒரே சைஸ்தானே, வரி மட்டும் ஏன் வேறு?

நீளம் மட்டும் கணக்கில்லை. 4 மீட்டருக்குள் இருக்கணும், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசியையும் டீசல் 1500 சிசியையும் தாண்டக்கூடாது. அப்படியானால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18%, இல்லையென்றால் 40%. பிரெஸ்ஸா 3995 மி.மீ.தான், ஆனால் பெட்ரோல் இன்ஜின் 1462 சிசி, அதனால் 40%.

தாம்பரம்: ஆபீஸ் போக 12 கி.மீ., வர 12. மாதம் 600 ஓடும். டீசல் எடுக்கலாமா?

வேண்டாம். டீசல் வண்டி ஒன்றேகால் லட்சம் கூடுதல், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்றே வைப்போம். போட்ட பணம் திரும்ப 62,500 கி.மீ. ஓடணும். உங்களுக்கு எட்டு வருஷத்துக்கு மேல்.

அதைவிடப் பெரிய தலைவலி டிபிஎஃப். பிஎஸ்-6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் அது. சேர்ந்த கரியை எரிக்க சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் நின்றால் அந்தச் சூடு ஏறாது.

மதுரை: சும்மா பயமுறுத்தாதீங்கண்ணே. எங்க மாமா டீசல் வண்டி மூணு வருஷமா ஓடுது, ஃபில்டர் அடைச்சா எரியுற அந்த லைட் எரிஞ்சதே இல்ல.

மாமா எங்கே ஓட்டுறார்?

மதுரை: வாராவாரம் சென்னை.

நாலுவழிச்சாலையில் போனால் ஃபில்டர் தானே சுத்தமாகிவிடும், லைட் ஏன் எரியப்போகுது? தாம்பரத்துக்காரர் கேட்டது ஊருக்குள் ஓட்ட.

மதுரை: லைட் எரிஞ்சா ஹைவேல ஒரு ரவுண்டு போனா சரியாகிடுமே?

ஆரம்பத்தில் ஆகும். 60 கி.மீ. வேகத்துக்கு மேல், ஒரு கியர் குறைத்து, இருபது நிமிஷம் ஓட்டணும். நடுவில் இன்ஜினை அணைக்கக்கூடாது. பாதியிலேயே அணைத்து அணைத்துப் பழகினால், கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறினால் அதுதான் காரணம். நீர்த்த ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தின்னும். லைட்டைக் கண்டுக்காமல் ஓட்டினால் சர்வீஸ் சென்டரில்தான் எரிக்க முடியும். அதிலும் அடங்காவிட்டால் ஃபில்டரையே மாற்றணும்.

குன்னூர்: ஏஎம்டி (கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக் கியர்) மலைக்குச் சரிவருமா?

வரும். ஆனால் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கிளட்ச் கருகும். ஹேண்ட்பிரேக் எதுக்கு இருக்கு?

கோவை: சிஎன்ஜி?

டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க. அங்கே ஒற்றை கேஸ் சிலிண்டர் என்றால் பெட்டி வைக்க இடமில்லை.

திருச்சி: எது பெஸ்ட் சார்?

மாதம் எவ்வளவு ஓடும், எத்தனை பேர் என்று சொல்லாமல் பதில் இல்லை. பின்சீட்டில் மூணு பெரியவர்களை அரைமணி உட்கார வைத்துப் பாருங்க.

நெல்லை: டீசலா பெட்ரோலா?

மேலே படிங்க.

வேலூர்: ஆஃபர்னு பழைய ஸ்டாக்கைத் தள்ளுறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதிவு பண்ணும் முன்னால் வண்டியை நேரில் பாருங்க. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 1225 என்றால் 2025இன் 12ஆவது வாரம். அதோடு சேசிஸ் எண்ணையும் குறித்து, தயாரித்த மாதத்தை எழுத்தில் கேளுங்க. ஸ்பேர் டயரையும் பாருங்க, அதை யாரும் பார்ப்பதில்லை.