ரத்தத்தில் வந்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் பத்து நாள் ஜப்பான் போய் வந்தேன். டோக்கியோ தெருக்களில் குப்பைத் தொட்டியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது, குப்பையும் இல்லை. ரயிலில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. கடை வாசலில் மறந்துவிட்டு வந்த குடை மறுநாளும் அதே இடத்தில் இருந்தது. ஊர் திரும்பியதிலிருந்து மனசு கேட்கவில்லை. ஒழுங்கு அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது, நமக்கு வரவே வராது என்று தோன்றுகிறது. அங்கே தங்கியவர் நீங்கள். உங்களுக்கும் அப்படித்தான் பட்டதா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டாவது வாரம் மாற்றிக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரு குப்பைப் பை.

டோக்கியோவின் சுகினாமி வார்டில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே எரிக்கும் குப்பைக்குச் சில கிழமை, பாட்டில் மாதிரி மற்றவற்றுக்கு வேறு கிழமை. காலையிலேயே தெருமுனையில் வைத்து, காக்கை கிழிக்காமல் வலை போட்டு மூட வேண்டும். நான் சமையல் குப்பையோடு தண்ணீர் பாட்டில்களையும் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டேன். வண்டி வந்து மற்ற பைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. என் பை மட்டும், சீட்டு ஒட்டி, அங்கேயே கிடந்தது.

அந்த வாரம் வலையை மடித்து வைக்கும் முறை எதிர்வீட்டு அம்மாளுக்கு. எழுபதைத் தாண்டியவர். பையோடு வந்து கதவைத் தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் திட்டவில்லை. பையை அவிழ்த்து ஒரு பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகித் தனியே வைத்தார், ஒட்டியிருந்த தாளை நகத்தால் கீறி உரித்தார், தண்ணீர் விட்டு அலசினார், நசுக்கினார். அடுத்த பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, நான் செய்து முடிக்கிறவரை நின்று பார்த்தார்.

அப்புறம் நண்பர் மொழிபெயர்க்க, அவர் சொன்ன கதைதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

அறுபதுகளில் டோக்கியோவின் குப்பை கோத்தோ வார்டு வழியாகக் கடலோரம் போய்க் குவிந்தது. அங்கே ஒரு குப்பை மேட்டின் பெயர் யுமெனோஷிமா, 'கனவுத் தீவு'. 1965 கோடையில் அங்கிருந்து ஈக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வீடுகளுக்குள் புகுந்தன; மேட்டையே தீ வைத்துக் கொளுத்தினார்கள். அந்தந்த வார்டின் குப்பையை அங்கேயே எரிக்கலாம் என்று பேச்சு வந்தபோது, எரிக்கும் ஆலை எங்கள் பக்கம் வேண்டாம் என்று எதிர்த்தவர்கள் இதே சுகினாமிக்காரர்கள். 1971இல் டோக்கியோ ஆளுநர் மினோபே ரியோகிச்சி 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். 1973இல் கோத்தோக்காரர்கள் சுகினாமி லாரிகளை நடுரோட்டில் மறித்தார்கள். வழக்கு, பேச்சுவார்த்தை என்று பல வருடம் இழுத்த பிறகுதான் ஆலை வந்தது. நீங்கள் பார்த்த சுத்தமான தெருவுக்குப் பின்னால் இவ்வளவு சண்டை இருக்கிறது. டோக்கியோவின் சுமிதா ஆற்றின் புகழ்பெற்ற வாணவேடிக்கைகூட 1962 முதல் 1977 வரை நின்றுபோயிருந்தது. ஆறு அவ்வளவு நாறியதும் அதற்கு ஒரு காரணம்.

நேரம் தவறாமையும் அப்படித்தான். 1872இல்தான் முதல் ரயில் ஓடியது. அதுவரை பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்துத்தான் பொழுது கணக்கிட்டார்கள். கோடைப் பகலில் ஒரு பொழுது நீளும், குளிரில் சுருங்கும். நிமிடக் கணக்கெல்லாம் பள்ளியும் ஆலையும் ரயிலும் பழக்கியது.

தொட்டி குறைந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்தது. அதற்குப் பிறகு பல இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். மக்கள் குப்பையைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பள்ளியில் தினமும் வகுப்பறைத் தரையைத் துணியால் தாங்களே துடைத்து வளர்ந்தவர்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரிவதில்லை.

ரத்தம் என்று சொல்லிவிட்டால் அந்த அம்மாள் மாதிரி ஆட்கள் ஐம்பது வருடமாகப் பட்ட பாட்டுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். அதனால்தான் உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது.

கிளம்பும்போது அவரிடம், உங்களுக்கு இதெல்லாம் சின்ன வயதிலேயே பழக்கமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டுவாராம். பிரித்துப் போடச் சொன்னபோது, இந்த வயதில் என்னால் ஆகாது என்று மாமியார் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லையாம்.

அன்புடன்