வீடியோ கேமில் அப்படி என்னதான் இருக்கிறது? விளையாடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அம்மா ஒருவர். மகன் பத்தாம் வகுப்பு. சாப்பிடக் கூப்பிட்டால் "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் கழித்து வருகிறான். போனில் இருப்பது பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம், கொஞ்சம் மைன்கிராஃப்ட் என்ற, கட்டைகளை வைத்துக் கட்டும் கேம். இதில் அவனுக்கு என்ன கிடைக்கிறது, அவனை ஆட விடலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் கிடைப்பது பதில். நாம் செய்யும் வேலைகளில் பலவற்றுக்குப் பதில் வர நாளாகும். மார்ச்சில் எழுதிய பரீட்சைக்கு மே மாதம் ரிசல்ட். இன்றைக்கு வைத்த தென்னங்கன்று காய்க்க வருடங்கள் ஆகும். கேமில் விரலை நகர்த்தினால் அந்த நொடியிலேயே திரை மாறுகிறது. 60 எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு 60 படம், ஓடும் போனில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி செகண்ட். செய்தது சரியா தப்பா என்று உடனே தெரியும், தப்பென்றால் எங்கே தப்பு என்றும் தெரியும், திரும்ப முயற்சி செய்யக் காசும் வேண்டாம், யாரும் திட்டவும் மாட்டார்கள்.

கூடவே, கஷ்டம் அளவாக இருக்கிறது. ரேங்க் முறை கிட்டத்தட்ட அவன் தரத்து ஆட்களோடுதான் அவனைச் சேர்க்கப் பார்க்கும். ரொம்ப லேசாக இருந்தால் சலிக்கும், ரொம்பக் கடினமாக இருந்தால் விட்டுவிடத் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போது நேரம் போவதே தெரியாது. உளவியலாளர் சிக்ஸென்ட்மிஹாய் இந்த நிலைக்கு 'ஃப்ளோ' என்று பெயர் வைத்தார். ரயன், ரிக்பி, ஷிபில்ஸ்கி ஆகிய மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரையில் கேமின் ஈர்ப்பை மூன்று தேவைகளாகப் பிரித்தார்கள்: எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, நானே முடிவெடுக்கிறேன் என்ற உணர்வு, கூட ஆள் இருக்கிறது என்ற உணர்வு. பதினைந்து வயதுப் பையனுக்கு மற்ற இடங்களில் இந்த மூன்றும் எவ்வளவு கிடைக்கிறது என்று யோசித்தால் ஈர்ப்பு புரியும். பரிசு, காசு, கதை எதுவும் இதற்குக் கட்டாயமில்லை. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்த டெட்ரிஸில் நாலு நாலு சதுரம் கொண்ட ஏழே வடிவங்கள்தான். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆடுகிறார்கள்.

கைவருவது என்றால் என்ன என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். பிஜிஎம்ஐயில் எம்416 துப்பாக்கியை விடாமல் அழுத்தினால் குண்டுகள் மேலே ஏறிக்கொண்டே போகும். அதை அடக்குவதற்குத்தான் டிரெய்னிங் கிரவுண்ட். சுவரிலிருந்து பத்து இருபது மீட்டர் தள்ளி நின்று, விரலை அசைக்காமல் 30 குண்டும் தீரும்வரை சுட வேண்டும். சுவரில் விழுந்த தடம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அடுத்து, சுடும்போதே கட்டைவிரலைச் சீராகக் கீழே இழுக்க வேண்டும். அப்படியும் தடம் ஏறினால் ஏடிஎஸ் சென்சிடிவிட்டியை (விரலை இழுத்தால் திரை எவ்வளவு நகரும் என்ற அளவு) 5 கூட்ட வேண்டும், ஆரம்பித்த இடத்துக்குக் கீழே இறங்கினால் 5 குறைக்க வேண்டும். கேமரா சென்சிடிவிட்டியைத் தொடக் கூடாது. அது சுடாதபோது பார்வையைத் திருப்புவதற்கு, ஏடிஎஸ் சுடும்போது இழுப்பதற்கு. பலர் குழம்புவது இங்கேதான். பெரிதாக்கிக் காட்டாத ரெட் டாட் குறியில் சரியான பிறகு, மூன்று மடங்கு பெரிதாக்கும் 3எக்ஸ் ஸ்கோப்புக்குப் போகலாம். நாளுக்குப் பதினைந்து நிமிடம், நாலைந்து நாள் அதே அளவில். தினமும் மாற்றுகிறவனுக்குக் கை பழகவே பழகாது. யூடியூபர் கொடுத்த சென்சிடிவிட்டி 'கோட்' எண்ணை அப்படியே போட்டாலும் பொருந்தாது, அவர் திரையின் அளவு வேறு, எஃப்.பி.எஸ். வேறு. வெளியிலிருந்து பார்த்தால் பையன் வெறுமனே சுவரைச் சுடுவதுபோல இருக்கும். அவன் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைப் பார்த்து, மறுபடி திருத்திக்கொண்டிருக்கிறான். அறிவியல் லேபில் சொல்லித் தருவதும் இந்த முறைதான்.

மைன்கிராஃப்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் ஒரு கட்டை தண்ணீர், கொத்திய மண்ணை எந்தப் பக்கமும் நாலு கட்டை தூரத்துக்கு ஈரமாக வைக்கும். அதனால் 9-க்கு 9 வயலின் நடுவில் ஒரே ஒரு கட்டை தண்ணீர் வைத்தால் மீதி 80 கட்டையும் நனையும். பத்துக்குப் பத்தாகப் போட்டால் ஓரத்து வரிசை காய்ந்துவிடும். ஆளியாற்றுத் தண்ணீர் எப்போது வரும், கடைமடைக்கு எட்டுமா என்று கணக்குப் பார்க்கிற ஊர்ப் பிள்ளைக்கு இந்தப் புதிர் சட்டென்று பிடிபடும். அதே கேமில் ரெட்ஸ்டோன் என்ற தூளை மின்கம்பி மாதிரி இழுக்கலாம். சிக்னல் 15 கட்டையோடு நின்றுவிடும், அதற்கு மேல் போக, சிக்னலைப் புதுப்பிக்கும் ரிப்பீட்டரை நடுவில் வைக்க வேண்டும். ரெட்ஸ்டோன் டார்ச் மாட்டிய கட்டைக்கு மின்சாரம் போனால் டார்ச் அணையும், போகாவிட்டால் எரியும். கம்ப்யூட்டர் பாடத்தில் 'நாட் கேட்' என்று படிப்பது இதுவேதான். தானாகத் திறக்கும் கதவு ஒன்றை அவன் செய்து வைத்திருந்தால், எப்படி வேலை செய்கிறது என்று விளக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் சொன்னால் கற்றிருக்கிறான். வீடியோவைப் பார்த்துக் காப்பி அடித்திருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவான்.

கூட்டாளிகள் விஷயமும் சின்னதில்லை. எல்லை ஊர்களில் ஒரு ஸ்க்வாடில், அதாவது அணியில், நாலு பேர் என்றால் ஒருவன் பொள்ளாச்சி, ஒருவன் சித்தூர், இன்னொருவன் பாலக்காடு டவுன் என்று அமைவது சகஜம். "புறகில் ஆளுண்டு" (பின்னால் ஆள் இருக்கு) என்று மலையாளத்தில் குரல் வந்தால் அரை நொடியில் திரும்ப வேண்டும், யோசித்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. தமிழ் மீடியம் பிள்ளைக்குப் புத்தக மலையாளத்தைவிட இது சீக்கிரம் நாக்கில் ஏறும். ஆனால் தெரியாத ஆட்களோடு மைக் போட்டு ஆடினால் கெட்ட வார்த்தையும் சேர்ந்து ஏறும். தெரிந்த நாலு பேரோடு 'டீம்' சேனலில் மட்டும் பேசச் சொல்லுங்கள்.

மூளை கூர்மையாகும் என்கிறார்களே என்றால், ஆதாரம் உள்ளது குறுகலான ஓர் இடத்தில்தான். 2003-இல் கிரீன், பவேலியர் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வில், கேம் ஆடிப் பழக்கமில்லாதவர்கள் நாளுக்கு ஒரு மணி நேரமாகப் பத்து நாள் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடினார்கள். டெட்ரிஸ் ஆடியவர்களைவிட அவர்களுக்குப் பார்வைக் கவனம் கூடியது. பரந்த திரையில் எது எங்கே இருக்கிறது என்று சட்டென்று பிடிக்கும் திறமை அது. அது கணக்கு மார்க்காக மாறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேம் ஆடும் லாப்ராஸ்கோபி (சின்னத் துளை வழியே செய்யும் ஆபரேஷன்) டாக்டர்கள் குறைவாகத் தவறு செய்தார்கள் என்று 2007-இல் வந்த ஆய்வையும் அடிக்கடி சொல்வார்கள். அதில் பார்த்தது 33 டாக்டர்களை. கேமால் கை தேர்ந்ததா, கை தேர்ந்தவர்களுக்குக் கேம் பிடித்ததா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற பகுதி. இதுவரை சொன்ன பதிலெல்லாம் திறமைக்குக் கிடைப்பது. காசு கொடுத்துத் திறக்கும் 'கிரேட்' பெட்டி, சுற்றிவிடும் லக்கி ஸ்பின் போன்றவை பதில் சொல்வது பணத்துக்கு. எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் ஆளை அதிகமாக இழுத்துப் பிடிக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டினார். ஒரு துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கிக்கான அலங்கார உறை) விழ 1 சதவீத வாய்ப்பு என்றால் நூறு தடவை திறந்தால் கட்டாயம் கிடைக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கணக்கு அப்படியில்லை: 0.99-ஐ நூறு தடவை பெருக்கினால் சுமார் 0.37. நூறு தடவை திறந்த நூறு பேரில் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடு போவார்கள். ஒரு திறப்பு 50 ரூபாய் என்று வைத்தால் ஆளுக்கு 5,000 ரூபாய். இதை ஒரு தாளில் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிடப் பலிக்கும்.

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைப் பாருங்கள், மாதாமாதம் ஓடும் பாஸ் அங்கேதான் ஒளிந்திருக்கும். பாதி விலைக்கு யுசி (கேமுக்குள் செலவழிக்கும் காசு) தருகிறேன் என்று ஓடிபி கேட்கிறவனிடம் அதைச் சொன்னால் அக்கவுண்ட் மொத்தமாக அவன் கைக்குப் போய்விடும். ரம்மி மாதிரிப் பணம் கட்டி ஆடும் கேம்கள் வேறு சங்கதி. முன்பு எல்லை தாண்டினால் சட்டமும் மாறியது: ஆந்திரா 2020-இல் தடுத்தது, கேரளாவின் ரம்மித் தடையை 2021-இல் ஹைகோர்ட் நீக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அவற்றை நாடு முழுக்கத் தடை செய்கிறது.

பையன் எரிச்சலாக இருப்பதற்குக் கேம் காரணமாக இல்லாமல் போனே காரணமாக இருக்கலாம். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஓரத்தில் போன் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் இன்னொரு நேரம் கேரள டவரையும் பிடிக்கும். மாறுகிற நொடியில் பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) எகிறி, சுட்ட குண்டு படாமல் போகும். மொபைல் நெட்வொர்க் செட்டிங்கில் ஆட்டோமேட்டிக் தேர்வை நிறுத்தி ஒரே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அடங்கும். சார்ஜில் போட்டுக்கொண்டே ஆடவும் கூடாது. பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் போன் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், கேம் திக்கித் திக்கி ஓடும்.

எப்போது பயப்பட வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் மூன்று அறிகுறிகளைச் சொல்கிறது: நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் நோய் என்பார்கள். கூப்பிட்டு இருபது நிமிடம் தாமதமாக வருவது அதில் சேராது. தூக்கம், பள்ளி, குளியல், நண்பர்கள் என்று ஒவ்வொன்றாக உதிர்ந்தால் காத்திருக்காமல் 14416-க்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸுக்கு, அழையுங்கள். கேரளக் காவல்துறையின் டி-டாட் மையங்களும் பிள்ளைகளின் இந்தப் பிரச்சினைக்கென்றே இருக்கின்றன. பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேர வரம்பு உண்டு, ஆனால் அது கணக்கில் சரியான வயது கொடுத்திருந்தால்தான் பலிக்கும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

அந்த "ஒரு நிமிஷம்மா"வுக்கு வருகிறேன். மேட்ச் நடுவில் நிறுத்தும் பட்டன் கிடையாது. பாதியில் எழுந்தால் அவன் ரேங்க் புள்ளி குறையும், கூட ஆடும் மூன்று பேரும் தோற்கலாம், நாளைக்கு அவனைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் கடிகாரத்தை வைத்துக் கட்டுப்படுத்தினால் தினமும் சண்டைதான் வரும். மேட்ச் கணக்கு வையுங்கள்: பள்ளி நாளில் இரண்டு, அதன்பின் லாபியிலேயே, அதாவது அடுத்த மேட்ச் தொடங்குவதற்கு முன் வரும் திரையிலேயே, போனைக் கொடுத்துவிட வேண்டும். எராங்கல் மேப்பில் (கேமில் சண்டை நடக்கும் இடம்) கடைசிவரை நின்றால் அரை மணி நேரம் ஆகும். லிவிக் சுமார் கால் மணி நேரம். டீம் டெத்மேட்ச் பத்து நிமிடத்துக்குள் முடியும். சோறு போடுவதற்கு முன்னால் "எந்த மேப்புப்பா?" என்று கேளுங்கள். எராங்கல் இப்போதுதான் ஆரம்பித்தது என்றால் தட்டு வைக்காதீர்கள். லிவிக் என்றால் ரசத்தைச் சூடு பண்ண ஆரம்பிக்கலாம்.