முகூர்த்த நாள் ஏன் மாறிப் பதிவாகிறது?

கேள்வி: எங்கள் ஊர்த் திருமண மண்டபத்துக்கு முன்பதிவு இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். செப்டம்பர் 12-ஐத் தேர்ந்தெடுத்தால் தரவுத்தளத்தில் 11 என்று விழுகிறது. ஒரு நாள் கூட்டிச் சேமித்தேன். நியூயார்க்கிலிருந்து பதிவு செய்தவருக்கு 13 ஆகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கூட்டிய அந்த ஒரு நாளை முதலில் நீக்கிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தேதியைக் கையாளும் டேட் (Date), 1970 ஜனவரி 1 யூடிசி (UTC, உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து கணக்கிட்ட மில்லி விநாடிகளையே வைத்திருக்கிறது. உங்கள் நாள்காட்டி 12-ஐ நம் ஊர் நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதால், தேதியை யூடிசி நேரத்தில் எழுத்தாக்கும் டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) அதை 11-ஆம் தேதி 18:30 என்று எழுதிவிடுகிறது. நியூயார்க்கின் செப்டம்பர் நள்ளிரவோ யூடிசியில் அதே 12-ஆம் தேதி காலை 4:00. அங்கே தேதி பிசகவே இல்லை. நீங்கள் கூட்டியதுதான் அதை 13 ஆக்கியது.

முகூர்த்த நாள் எந்த நாட்டிலிருந்து பார்த்தாலும் மாறக்கூடாதது. ஆகவே அதை நேரமே கலவாமல் ‘2025-09-12’ என்ற வடிவில், தரவுத்தளத்தின் தேதி வகைப் பத்தியில் சேமிப்பதே முறை என்பேன். படிவத்தில் உலாவியின் சொந்தத் தேதிப் பெட்டியை வைத்தால் மதிப்பு அந்த வடிவிலேயே கிடைக்கும். திரும்பக் காட்டும்போதும் கவனம் வேண்டும்: அந்த எழுத்துகளை நியூ டேட்டுக்குக் (new Date) கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவாகக் கொள்ளும், அமெரிக்காவில் இருப்பவருக்கு மறுபடியும் 11 தெரியும்.

பணம் செலுத்திய நேரம் வேறு வகை. அதற்கு யூடிசியே சரி. முகூர்த்த நேரத்தை உள்ளூர் நேரமாக, ‘ஏசியா/கொல்கத்தா’ (Asia/Kolkata) என்ற நேர மண்டலப் பெயரோடு வையுங்கள். நேரலை பார்க்கும் லண்டன் உறவினருக்கு நான்கரை மணி வித்தியாசம் என்று எண்ணாக எழுதி வைத்தால், அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் அது ஐந்தரை ஆகிவிடும்.

ஏற்கெனவே சேர்ந்த பதிவுகளை மொத்தமாக மாற்ற வேண்டாம். ஒரு நாள் கூட்டிய பின் சேர்ந்தவற்றில் அதைக் கழித்துவிட்டு, நேரப் பகுதியைப் பாருங்கள். 18:30 என்றிருந்தால் இந்தியாவிலும், 20:00 என்றால் துபாயிலும், 16:00 என்றால் சிங்கப்பூரிலும் அது நள்ளிரவு. இவற்றுக்கு உரியது அடுத்த நாள். 4:00 என்றிருந்தால் தேதி சரியே. ஐயம் எழும் பதிவுக்கு, அழைப்பிதழ் அச்சாகும் முன்பே அந்தக் குடும்பத்தாரைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.