ராகம் தெரியாதவர் பின்னணி இசையைக் குறை சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. திருச்சியில் மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூட நண்பர்கள் நான்கு பேரும் நானும் மாதம் ஒரு படமாவது சேர்ந்து பார்த்துவிட்டு, அன்றிரவே ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து அதை அலசுவது வழக்கம். எங்களில் ஒருவன் கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றவன். ஒருவன் இளையராஜா பக்தன், இன்னொருவன் ரகுமான் பக்தன். சென்ற மாதம் பார்த்த படத்துக்குத் தாமதமாகப் போனதால் எனக்கு மட்டும் சுவரோரமாக இடம் கிடைத்தது. அன்றிரவு, "பின்னணி இசை வசனத்தையே விழுங்கிவிட்டது" என்று சொன்னேன். "சுருதி என்றால் என்னவென்று தெரியாத நீயெல்லாம் இசையைப் பற்றிப் பேசலாமா?" என்று சங்கீதம் கற்றவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை கூப்பிட்டபோது காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இனி கதை, நடிப்பு ஆகியவற்றோடு என் கருத்தை நிறுத்திக்கொள்வதுதான் முறையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. கச்சேரியில் ஒருவர் செய்த நிரவலை, அதாவது ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதை எடைபோடக் கொஞ்சம் கேள்வி ஞானமாவது வேண்டும் என்று உங்கள் நண்பர் சொல்லியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் படத்தின் பின்னணி இசை, சுருதி தெரியாதவரின் நெஞ்சிலும் போய்ச் சேர வேண்டும் என்றே எழுதப்படுகிறது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்றவர்கள்தான் என்பது எந்த இசையமைப்பாளருக்கும் தெரியும். மேலும் நீங்கள் சொன்னது இசையின் இலக்கணத்தைப் பற்றியதே அல்ல. வசனம் கேட்கவில்லை என்பது காது கொடுத்த சாட்சியம். அதற்கு ராக ஞானம் எதற்கு?

ஆனாலும் உங்கள் வாக்கியத்தில் ஒரு குறை இருந்தது, அதை உங்கள் நண்பர் கவனிக்கவில்லை. எந்தக் காட்சியில் விழுங்கியது, யார் பேசும்போது விழுங்கியது என்று நீங்கள் சொல்லவில்லை. அதைவிட முக்கியமாக, அது இசையமைப்பாளரின் தவறுதான் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். இசையமைப்பாளர் கொடுத்த இசையையும், டப்பிங்கில் பதிவான பேச்சையும், காலடி ஓசை முதல் வெடிச் சத்தம் வரையிலான மற்ற ஒலிகளையும் ஒன்றுசேர்த்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளவு வைப்பவர் மிக்ஸிங் செய்கிற ஒலிப்பொறியாளர். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று கேட்டால் ஏற்றத்தான் வேண்டியிருக்கும். அதன்பின் படம் உங்கள் ஊர் அரங்குக்கு வருகிறது. அரங்கில் ஒலியைக் கையாளுகிற டால்பி கருவியில் ஒலி அளவுக்கு 7 என்பது தரப்படுத்தப்பட்ட நிலை. அரங்குக்காரர் அதைக் குறைத்தும் வைக்கலாம், கூட்டியும் வைக்கலாம். நீங்கள் கேட்டது இத்தனை கைகள் மாறி வந்த ஒலி.

சுவரோரமாக இடம் கிடைத்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பயன்பட்ட வரி அதுதான். 5.1 என்று சொல்கிற, பல திசை ஸ்பீக்கர்கள் கொண்ட ஒலியமைப்பில் பேச்சு பெரும்பாலும் திரைக்குப் பின்னால், நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும். இசை இடத்திலும் வலத்திலும் விரிந்து, ஓரளவு பக்கச் சுவர்களில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர்களுக்கும் போகும். சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்குத் தலைக்கு மேலிருந்து இசை இறங்கும், பேச்சோ தூரத்திலிருந்து வரும். நடுவில் உட்கார்ந்திருந்த உங்கள் நண்பருக்கு வசனம் தெளிவாகக் கேட்டிருக்கலாம், உங்களுக்குக் கேட்காமலும் இருந்திருக்கலாம். இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியே சண்டை போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

காட்சியைச் சொல்லிவிட்டு இசையைச் சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. கல்லூரி விடுதியில் இருந்த நாட்களில், ஒரு படத்தில் தகப்பனார் கதவைச் சாத்துகிற இடத்தில் வயலின்கள் எழும்பி அழுகின்றன என்று சாதித்துக்கொண்டிருந்தேன். அதை ஒப்புக்கொள்ளாத அறைத் தோழனோடு இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி வந்தபோது பார்த்தால், கதவு சாத்தப்படுகிற இடத்தில் வயலினே இல்லை. தாழ்ப்பாள் விழுகிற ஓசையும், எங்கோ ஒரு நாய் குரைப்பதும்தான் கேட்டன. வயலின்கள் முந்தைய காட்சியோடு முடிந்துபோயிருந்தன. நான் புகழ்ந்துகொண்டிருந்தது, இசை நின்றுபோன இடத்தை. அதனால்தான் பின்னணி இசையைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் சொல்ல வேண்டியவை அது எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்கிற இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இதற்கும் சுருதி தெரிய வேண்டியதில்லை, ஆனால் இதைக் கவனித்துச் சொல்கிறவர் ரசிகர்களில் குறைவு.

இந்தக் குறைவுக்கு நம் வளர்ப்பும் ஒரு காரணம். நமக்குப் படத்தின் இசை என்றால் பாட்டுதான். பாட்டு படத்துக்கு முன்பே வந்துவிடும், டீக்கடையிலும் பேருந்திலும் தனியாக வாழும். படம் எடுத்து முடிந்தபின் காட்சியைத் திரையில் ஓடவிட்டுச் செய்கிற ரீ-ரெக்கார்டிங், அதாவது திரையுலகத்தார் ஆர்.ஆர். என்று சொல்கிற வேலை, படத்தை விட்டு வெளியே வருவது அரிது. தேசிய விருதுக் குழுவே 2009ஆம் ஆண்டின் படங்களுக்கான விருதுகளிலிருந்துதான் இசையமைப்பைப் பாடல்கள், பின்னணி இசை என்று தொடர்ந்து இரண்டாகப் பிரிக்கத் தொடங்கியது. பின்னணி இசைக்கான அந்த ஆண்டின் விருது 'பழசி ராஜா' என்ற மலையாளப் படத்துக்காக இளையராஜாவுக்குப் போனது. பாடல்களே இல்லாத 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) படத்தில் இயக்குநர் மிஷ்கின் இளையராஜாவின் பெயரை 'முன்னணி இசை' என்ற தலைப்பின் கீழ்ப் போட்டது பலருக்கு வேடிக்கையாகப் பட்டது. எனக்கு அது சரியான திருத்தமாகவே தோன்றியது. உங்கள் மாடியில் ராஜாவா ரகுமானா என்று நடக்கிற வழக்கிலும், இரண்டு பக்கமும் எடுத்துவைப்பவை பெரும்பாலும் பாடல்களாகவே இருக்கும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

ஒரு காட்சியில் இசை என்ன செய்தது என்பதில் தகராறு வந்தால், அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டும், பிறகு ஒலியோடும் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து எழுதிய இசையோடு அதே காட்சியைப் பார்த்தபின் மனத்தை மாற்றிக்கொண்டார். படத்தை எடுத்தவருக்கே இசையோடும் இசையில்லாமலும் பார்த்த பிறகுதான் முடிவு தெரிந்தது என்றால், மாடியில் உட்கார்ந்து நினைவிலிருந்து வாதாடுகிற நாம் எவ்வளவு தூரம் தவறலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் ஐவருக்கும் பழக்கமான படத்திலேயே தொடங்கலாம். 'தளபதி' (1991) படத்தில், பெற்ற குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிட்ட தாயின் கதையைச் 'சின்னத் தாயவள்' பாட்டு தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிறகு அந்த மெட்டு சொல் இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது, ரயிலின் கூவலும் வருகிறது. கோயிலில் தாயும் மகனும் ஒருவரை ஒருவர் யாரென்று அறியாமல் அருகருகே நிற்கிற இடத்தில் அந்த ரயில் ஓசையைக் கேளுங்கள். அது கதைக்குள் ஓடுகிற ரயில்தான், இசையமைப்பாளர் வாசித்தது அல்ல. ஆனால் அதைக் கேட்டதும் தாயின் முகம் மாறுவது நமக்குப் புரிகிறதென்றால், அதற்கு முன் அந்த மெட்டு நமக்குள் செய்துவைத்த வேலையால்தான் புரிகிறது. இதை 'இளையராஜாவின் மேதைமை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. படத்தில் ஓசைகள் இருக்க வேண்டிய இடத்தை முடிவு செய்ததில் மணிரத்னத்துக்குப் பங்கில்லையா என்று உங்கள் ராஜா பக்தரைக் கேளுங்கள், அன்றைய இரவு நன்றாகப் போகும்.

அதே படத்தின் 'யமுனை ஆற்றிலே' பாட்டு, 27 ஆண்டுகள் கழித்து '96' (2018) படத்தில் வருவதையும் தொடர்ந்து பார்த்துவிடுங்கள். பள்ளி நாட்களிலிருந்து ராம் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கிறான், ஜானு வேண்டுமென்றே வேறெதையாவது பாடுகிறாள். கடைசியில் அவனுடைய வீட்டில் மின்சாரம் போன இருட்டில், அவளாகவே அதைத் தொடங்குகிறாள். தொடங்குகிறபோது வாத்தியம் ஏதும் துணைக்கு வருவதில்லை. அந்தப் படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா வயலின் வாசிப்பவர். அந்த இடத்தில் ஒரு வயலினை இழையவிட்டிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். இசையமைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதையும் இசையாக எண்ணிப் பாராட்டத் தெரிந்தவர் உங்கள் ஐவரில் யார் என்று அன்று தெரிந்துவிடும். நீங்களாகவும் இருக்கலாம்.

சங்கீதம் கற்ற நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய படிப்பைப் பகையாக்கிக்கொள்ளாதீர்கள். கேட்டது என்ன ராகம், எந்த வாத்தியம், தாளம் எங்கே மாறியது என்று சொல்லக்கூடியவர் ஒருவர் கூட்டத்தில் இருப்பது வரம்தான். ஆனால் ராகத்தின் பெயரோடு பேச்சு முடிந்துபோக விடாதீர்கள். 'கவிக்குயில்' படத்தின் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 'முதல்வன்' படத்தின் 'அழகான ராட்சசியே', 'சுப்பிரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்' ஆகிய மூன்றும் ரீதிகௌளைதான் என்று அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். மூன்று படங்களும் மூன்று உலகம், மூன்று பாட்டும் நம்மைக் கொண்டுபோய் விடுகிற இடம் வெவ்வேறு. "ராகம் ஒன்றாக இருந்தும் ஏன் இப்படி வேறாகக் கேட்கிறது?" என்று அவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் படித்ததெல்லாம் தேவைப்படும், நீங்கள் உணர்ந்ததும் தேவைப்படும்.

ராஜா, ரகுமான் கட்சிக்காரர்களுக்கு நான் மருந்து வைத்திருக்கவில்லை. நம் ஊரில் இந்தக் கட்சி கட்டுதல் ஒரு பொழுதுபோக்கு, அதில் சுகமும் இருக்கிறது. முதல் அரை மணி நேரம் எந்த இசையமைப்பாளரின் பெயரையும் எடுக்கக் கூடாது, காட்சியை மட்டுமே சொல்ல வேண்டும் என்று வேண்டுமானால் ஓர் ஒப்பந்தம் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மீறிவிடுவார்கள், அந்தப் பத்து நிமிடம் லாபம்.

கடைசியாக அந்தக் காய்ச்சல். நண்பரைத் தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, நீ கேட்டது சுட்டது, அதனால்தான் வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். மற்ற மூவர் முன்னால் இதைச் சொன்னால் அவரும் எதிர்வாதத்துக்குத்தான் போவார். அதோடு, நீங்கள் அன்று உட்கார்ந்திருந்த இடத்தையும் சொல்லுங்கள், இந்தக் கோணம் அவருக்கே புதிதாக இருக்கக்கூடும். அரங்கில் இன்னும் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தால் இந்த முறை டிக்கெட்டை நீங்கள் போடுங்கள். திரையிலிருந்து பின்பக்கமாக மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நட்ட நடுவில் இரண்டு இருக்கைகளை எடுத்து, அவரோடு உட்கார்ந்து பாருங்கள். இடைவேளை முடிந்ததும் இருவரும் எழுந்து, காலியாக இருக்கிற சுவரோர இருக்கைகளுக்கு மாறிக்கொள்ளுங்கள்.