டெக்சஸில் முதல் ஆண்டு வீட்டு மதிப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள்

தம்பி, சென்ற ஆண்டு டெக்சஸின் ஃபிரிஸ்கோ நகரில் வீடு வாங்கினீர்கள். சொத்து வரி கணக்கிடுவதற்காகக் கவுண்டி (மாவட்டம் போன்றது) மதிப்பீட்டு அலுவலகம் இந்த ஏப்ரலில் அனுப்பிய கடிதத்தில், வீட்டு மதிப்பை வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். மதிப்பைக் குறைக்கச் சொல்லி முறையிட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா, கோபத்தில் மதிப்பை இன்னும் ஏற்றிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே நடக்காது. விசாவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கடிதத்தில் உள்ள மதிப்புக்கு மேல் உயர்த்த, முறையீட்டை விசாரிக்கும் குழுவுக்குச் சட்டம் இடம் கொடுப்பதும் இல்லை.

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளி, நகரம், கவுண்டி எல்லாம் பெரும்பாலும் சொத்து வரியை நம்பியே இருக்கின்றன. அதனால் இந்த மதிப்பை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதிலும் உங்கள் நிலையில் இருப்பவருக்கு இந்த ஆண்டு மதிப்புதான் மிக முக்கியம். சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் சலுகை கிடைத்த மறு ஆண்டிலிருந்து, வரிக்குரிய மதிப்பை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. அந்த 10 சதவீதம் முந்தைய ஆண்டின் மதிப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. இப்போது 5,00,000 டாலர் என்று விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு 5,50,000 வரை போகலாம். 4,70,000 ஆகக் குறைத்தால் 5,17,000தான் உச்சம். அந்தச் சலுகைக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? குடியுரிமை தேவையில்லை, ஓட்டுநர் உரிமத்தில் இந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும்.

முறையிடக் கடைசி நாள் மே 15, அல்லது கடிதம் அனுப்பியதிலிருந்து 30 நாள். இவற்றில் எது பிந்தியதோ அது. ஃபிரிஸ்கோவில் ஒரு பகுதி காலின் கவுண்டி, மறு பகுதி டென்டன் கவுண்டி. உங்கள் கடிதம் எங்கிருந்து வந்ததோ அந்த அலுவலகத்துக்கே அனுப்புங்கள். படிவத்தில் சந்தை மதிப்பு அதிகம், அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை என்ற இரண்டு காரணங்களையும் குறியுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் பிறகு அதைப் பற்றிப் பேசுவது கடினமாகிவிடும்.

இந்த மாநிலத்தில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் நீங்கள் வாங்கிய விலை அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். அது குறைவு என்பதால், வீடு வாங்கி முடித்த நாளன்று கையெழுத்திட்ட கணக்குத் தாள் உங்களுக்கு நல்ல ஆயுதம். எல்லா மதிப்பும் ஜனவரி 1 நிலவரப்படிதான். அந்தத் தேதிக்கு அருகில் வாங்கியிருந்தால் அதன் எடை இன்னும் கூடும். அடித்தளத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்குள்ள மண் கோவில்பட்டிக் கரிசல் போல மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். விரிசலின் படமும், சரிசெய்ய ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்த செலவு மதிப்பீடும் சேர்த்து வைத்தால் அதிகாரியால் எளிதில் தட்ட முடியாது.

விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பு அலுவலகம் தன் ஆதாரங்களை உங்களுக்குக் காட்ட வேண்டும். கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அவர்கள் ஒப்பிட்டிருக்கும் வீடுகளில் நீச்சல் குளம் இருக்கிறதா, பரப்பு பெரியதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் ஓர் அதிகாரியோடு பேசி முடித்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். பலருக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. குழுவின் முன் போனால் வரி விகிதம் அநியாயம் என்று வாதாடாதீர்கள். விகிதம் அவர்கள் கையில் இல்லை, மதிப்பு மட்டுமே அவர்கள் கையில் இருக்கிறது.

உங்களுக்காக முறையிட்டு, குறைத்த வரியில் பங்கு கேட்கும் முகவர்கள் நிறைய உண்டு. உங்களிடம் வாங்கிய விலைக்கான தாள் இருக்கும்போது அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? முறையீடு முடியாவிட்டாலும் ஜனவரி 31க்குள் வரி கட்டப்பட வேண்டும். வீட்டுக் கடன் தவணையோடு வரிக்காக வங்கி சேர்த்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து அவர்களே கட்டுகிறார்கள் என்றால், குறைந்த மதிப்பின் ஆணை வந்ததும் ஒரு நகலை அவர்களுக்கு அனுப்பி மாதத் தவணையைத் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள்.