அடைப்புக்குறிக்குள் ஒரு வீணை

கேள்வி: எனக்கு 46 வயது. மான்செஸ்டரில் 17 வருடமாக ஐ.டி. வேலை. இந்த ஊர் இசைக்குழுவான நியூ ஆர்டர் 1983 மார்ச்சில் வெளியிட்ட ‘புளூ மண்டே’ என்ற சிந்த்பாப் நடனப் பாட்டின் மேல் எனக்குப் பைத்தியம். அந்த ஒரு பாட்டின் வரலாற்றைத் தமிழில் புத்தகமாக எழுத, ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு எடுக்கப் பார்க்கிறேன். மனைவி ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறாள். அவளுக்கு இசையில் ஆர்வமே போய்விட்டது (வீணை பரணுக்குப் போய் ஒன்பது வருடம். மகனுக்கு ஆட்டிசம், அவளுக்கு நேரமில்லை). எப்படிப் புரியவைப்பது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் ஏழு பக்கம். மேலே இருப்பது அதன் சாரம். ஆறரைப் பக்கம் பாட்டு, அரைப் பக்கம் வீடு. ‘என் கனவை வீட்டில் மதிக்கவில்லை’ என்று மாதம் நாலு கடிதமாவது எனக்கு வருகிறது. கனவை விடாதீர்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. அந்த அடைப்புக்குறியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

ஒன்பது வருடத்தை அடைப்புக்குறிக்குள் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

உங்கள் கடிதம் வந்த அன்று அந்தப் பாட்டைக் கேட்டேன். ஏழரை நிமிடம். முதலில் டிரம் மெஷின் மட்டும் திடுதிடுவென்று அடிக்கிறது. ஒரு மனிதக் குரல் வர ரொம்ப நேரம் ஆகிறது. நல்ல பாட்டு. இந்தக் குழு முன்பு ஜாய் டிவிஷன் என்ற பெயரில் இருந்தது. அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் 23 வயதில் தற்கொலை செய்துகொண்டபோது அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. மிச்சமிருந்த மூன்று பேர் பெயரை மாற்றிக்கொண்டு, கில்லியன் கில்பர்ட் என்ற பெண்ணையும் சேர்த்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். மூன்றே வருடத்தில் இந்தப் பாட்டு. இங்கிலாந்தில் 12 அங்குலத் தட்டு விற்பனையில் இதை மிஞ்சியது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். உறையை ஃபிளாப்பி டிஸ்க் மாதிரி வெட்ட ஆன செலவு பற்றியே ஒன்றரைப் பக்கம்! அதைப் படித்துவிட்டு வருகிறேன், அடுத்த பக்கத்தில் கில்லியன்.

ஏற்றி வைத்த ஸ்வரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் கருவி சீக்வென்ஸர். அந்தக் காலத்து சீக்வென்ஸரில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் ஏற்ற வேண்டும். கில்லியன் முழுப் பாட்டையும் ஏ4 தாள்களில் எழுதி, தாளோடு தாளை டேப் போட்டு ஒட்டினாராம். ஸ்டுடியோ நீளத்துக்குக் காகிதம். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் கணக்கு எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. அதில் ஒரே ஒரு ஸ்வரம் விட்டுப்போக, மெட்டு தாளத்தோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி ஓடுகிறது. அந்தத் தவறுதான் பாட்டுக்கே அழகு என்று உருகி எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

சரி, அதே கில்லியன் 2001-இல் என்ன ஆனார்? ‘குடும்பக் காரணத்தால் விலகினார்’, உங்கள் ஒரு வரி. அடுத்த வரியில் 2011, ‘திரும்பி வந்தார்’. நடுவில் பத்து வருடம். குழுவின் டிரம்மர் ஸ்டீபன் மாரிஸ்தான் அவர் கணவர். மகளுக்கு உடம்பு சரியில்லை. கணவர் குழுவில் தொடர்ந்தார், இவர் வீட்டில் நின்றார். இவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தார். காகிதத்தில் விட்டுப்போன ஒரு ஸ்வரத்துக்கு ஒரு பக்கம், இந்தப் பத்து வருடத்துக்கு ஒரு வரி. நீங்கள் எழுதப்போகிற வரலாறு இதுதானா?

கில்லியன் செய்தது சரி என்பேன். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் யாராவது ஒருவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துத்தான் ஆகவேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் ஒருத்தியே கீழே வைத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அதைப் பார்த்து ‘ஆர்வம் போய்விட்டது’ என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? பெற்றது இரண்டு பேர். ஆர்வம் போகவில்லை தம்பி. தெரபிக்கும் பள்ளிக்கூட மீட்டிங்குக்கும் ராத்தூக்கம் இல்லாததற்கும் போயிருக்கிறது. ஒன்பது வருடமாக உங்கள் மனைவி சம்பளமில்லாத லீவில்தான் இருக்கிறார். நீங்கள் இப்போதுதான் கேட்கிறீர்கள்.

வீணையில் தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் மெட்டுகள் மெழுகில் பதித்தவை. உங்கள் ஊர்ப் பரணில் குளிர்காலம் ஒன்பது, வெயில் ஒன்பது பார்த்த மெழுகு விண்டுபோயிருக்கும். அங்கே வைத்தால் இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே வைத்திருக்கிறார். அந்த அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருந்தீர்களா? ஏணியைப் பிடித்தது யார்?

இதைப் படித்ததும் ஓடிப்போய் வீணையை இறக்கிக் கூடத்தில் வைத்து ‘வாசி’ என்று நிற்காதீர்கள். அது அவருக்கு இன்னொரு வேலை. முதலில் நேரத்தைக் கொடுங்கள். சனிக்கிழமை முழுவதும் மகன் உங்கள் பொறுப்பு. சாப்பாடு, குளியல், அவன் அடம், எல்லாம். வாரநாளில் ஒரு தெரபிக்கு நீங்கள் அழைத்துப் போங்கள். ஆஃபீசில் அரைநாள் கேளுங்கள். ஒரு வருடம் லீவு கேட்கத் துணிந்தவருக்கு அரைநாள் கேட்கக் கூச்சம் எதற்கு? கிடைத்த நேரத்தில் அவர் வீணை வாசிக்கலாம், தூங்கலாம், சும்மா ஜன்னலைப் பார்த்து உட்காரலாம். கேட்காதீர்கள். வீணையை இறக்கச் சொன்னால் அன்றைக்கு இறக்குங்கள். மெழுகு போட ஆள் எங்கே இருக்கிறார் என்று நீங்கள் தேடுங்கள்.

புத்தகத்தை ராத்திரியில் எழுதுங்கள். கில்லியனும் ஸ்டீபனும் ‘தி அதர் டூ’ என்ற பெயரில் சேர்ந்து செய்த ஆல்பங்கள் 1993-இலும் 1999-இலும் வந்திருக்கின்றன. உங்கள் ஏழு பக்கத்தில் அவை இல்லை. அவற்றைக் கேட்டுவிட்டு முதல் அத்தியாயத்தைத் திருத்துங்கள்.

லீவு பற்றி மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தில், மகனின் தெரபிஸ்ட் அவனுக்கு இப்போது என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று எழுதுங்கள். மனைவியைக் கேட்காமல் எழுத வேண்டும்.